காற்றுதான் ஆண்டின் வெயிலைத் தீர்மானிக்கிறதா? நம் செட்டிநாட்டுப் பக்கம் கவனித்தவர்கள் சொல்லுங்கள்

பின்கட்டு (காரைக்குடி), காலை 6.20

எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாவற்றையும் தாண்டி அடுத்த தெருவில் இருக்கும் பின்வாசல் வரை பார்வை நேராகப் போகும். நிலைவாசல்கள் ஒன்றுக்கொன்று நேராக இருப்பதால் வீடே காற்றின் திசையைக் காட்டிவிடும். மேலைக்காற்று என்றால் பின்வாசல் கதவு முதலில் அடித்துக்கொள்ளும். கடல்காற்று என்றால் முகப்புக் கதவு.

எங்கள் ஐயா இதை ஒரு பழைய பேரேட்டில் நாள்தோறும் குறித்து வைத்தார். அவருக்குப் பிறகு அப்பச்சி எழுதினார், இப்போது நான் எழுதுகிறேன். அதில் டிகிரிக் கணக்கு எதுவும் கிடையாது. ‘மேகாத்து’, ‘கடக்காத்து’, ‘வாடை’, ‘இறுக்கம்’ (காற்றே அசையாத நாள்) என்று நாளுக்கு ஒரு சொல், அவ்வளவுதான்.

நேற்று 2021ஆம் ஆண்டுப் பக்கங்களையும் 2024ஆம் ஆண்டுப் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். 2024 பங்குனியிலும் சித்திரையிலும் பக்கம் பக்கமாக ‘இறுக்கம்’, ‘இறுக்கம்’. 2021இல் அதே நாட்களில் சாயங்காலம் ஆனால் ‘கடக்காத்து’ என்று வந்துகொண்டே இருக்கிறது. சூரியன் அதே சூரியன். ஊரும் அதே ஊர். பிறகு ஏன் ஒரு வருடம் பொறுக்கக்கூடியதாகவும் இன்னொரு வருடம் வெந்து சாகும்படியும் இருக்கிறது? உலகம் சூடாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் வெயில் படிக்கட்டு மாதிரி வருடாவருடம் ஏறியல்லவா போக வேண்டும்? ஏன் ஏறி ஏறி இறங்குகிறது?

காற்றுதான் காரணம் என்பது என் நினைப்பு. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கண்மாய்க்கரை (சிங்கம்புணரி பக்கம்), காலை 7.05

அண்ணே, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நான் மானாவாரி விவசாயி. எங்கள் ஊரில் வரத்துக்கால் எல்லாம் தூர்ந்துபோய்க் கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். ஓட்டு வீடு இருந்த இடத்தில் எல்லாம் கான்கிரீட். வெயில் ஏறாமல் என்ன செய்யும்? நம் கண்முன்னால் நடந்ததை விட்டுவிட்டுக் காற்று மேல் பழி போட்டால், செய்தவர்கள் தப்பித்துப் போய்விடுவார்கள்.

பின்கட்டு, காலை 7.30

தம்பி, நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் ஒன்று கேட்கிறேன். வெட்டிய மரம் 2021இல் திரும்ப முளைத்து 2024இல் மறுபடி விழவில்லையே? கான்கிரீட்டும் அந்த மூன்று வருடத்தில் வந்து போகவில்லை. மெல்ல மெல்ல ஏறும் சூட்டுக்கு நீங்கள் சொல்லும் காரணம் பொருந்தும். வருடத்துக்கு வருடம் ஏறி இறங்குவதற்கு அது போதாது.

புவியியல் ஆச்சி (தேவகோட்டை), காலை 10.40

முப்பது வருடம் புவியியல் நடத்தியவள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஆண்டுச் சராசரி என்பது என்ன? அன்றைய உச்ச வெப்பத்தையும் இரவின் குறைந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அந்த நாளின் சராசரி. அப்படி 365 நாட்களைக் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். ஆக, அந்தக் கணக்கில் இரவுக்குப் பாதிப் பங்கு உண்டு. நாம் மத்தியான வெயிலை மட்டும் வைத்து ஒரு வருடத்தை எடை போடுகிறோம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சூரியன் தரும் ஆற்றல் வருடத்துக்கு வருடம் அநேகமாக மாறுவதே இல்லை. சூரியப் புள்ளிகளின் 11 ஆண்டுச் சுழற்சியில்கூட அது சுமார் 0.1 சதவீதம்தான் கூடிக் குறைகிறது. காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் ஒரு முறையும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறையும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. சூரியன் ஒன்றுதான் கணக்கு என்றால் ஆகஸ்ட் கடைசியும் ஏப்ரல் மாதிரியே எரிய வேண்டும். அப்படி எரிவதில்லையே.

அந்த வித்தியாசத்தைச் செய்வது காற்றோட்டம். காற்று மூன்று வழியில் ஓர் ஊரின் சூட்டை மாற்றும்: வேறிடத்துச் சூட்டையோ குளிர்ச்சியையோ தூக்கிவரும், மேலிருந்து கீழே இறங்கும்போது அமுங்கித் தானே சூடாகும், மேகம் வருமா, மண் நனையுமா என்பதை முடிவு செய்யும். நம் பக்கத்தில் பின்னால் சொன்ன இரண்டும்தான் பெரியவை.

உங்கள் பின்வாசலைத் தட்டும் மேலைக்காற்றையே எடுத்துக்கொள்வோம். ஆனி, ஆடியில் அரபிக்கடலில் இருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறுகிறது. ஓர் எளிய கணக்கு போட்டுப் பாருங்கள். கேரளக் கரையில் 28 டிகிரியில் இருக்கும் காற்று 1500 மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். முதல் 500 மீட்டரில், 1000 மீட்டருக்கு 10 டிகிரி வீதம் குளிர்ந்து 23 ஆகும். அதற்கு மேல் மேகம் உருவாகிவிடும். நீராவி நீராக மாறும்போது வெளிவிடும் வெப்பத்தால் குளிர்வது மெதுவாகி, 1000 மீட்டருக்கு 5 டிகிரி என்ற அளவுக்கு வந்துவிடும். ஆக உச்சியில் 18. மழையை அங்கேயே கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்டு இறங்கும்போது மறுபடி 1000 மீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறுகிறது. தரைக்கு வரும்போது 33. கிளம்பியபோது இருந்ததைவிட 5 டிகிரி கூடுதல், நம் வெயில் சேர்க்கும் சூடு இதற்கும் மேலே. மதுரை விமான நிலையத்தில் ஆடி மாதத்திலும் 38, 39 என்று பதிவாவது இதனால்தான். மழைக்காலம் என்று நாடே கொண்டாடும்போது நாம் காய்வதும் இதனால்தான்.

தொண்டிக்கரை, மதியம் 12.15

ஆச்சி சொன்னதோடு கடல் பக்கத்துச் சங்கதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். எங்கள் ஆட்கள் காற்றை வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். கச்சான், அதாவது மேலைக்காற்று, பலமாக இருக்கும் நாளில் கடல்காற்று கரையைத் தாண்டி உள்ளே வர முடியாமல் திணறும். இங்கே தொண்டியில் மத்தியானம் இரண்டு மணிக்கு முகத்தில் ஈரக்காற்று அடிக்கும்போது, காரைக்குடியில் இருக்கும் என் மாமா போனில் அனல் வீசுகிறது என்பார். கச்சான் தளர்ந்த நாளில் அதே கடல்காற்று சாயங்காலம் உங்கள் ஊர் வரை வந்து, அங்கே மேற்கில் இருந்து வரும் காற்றோடு மோதி இடிமழையும் கொட்டும்.

ஒரு வருடத்தில் எத்தனை நாள் கச்சான் ஜெயித்தது, எத்தனை நாள் கடல்காற்று ஜெயித்தது என்று எண்ணினாலே அந்த வருடத்துக் கோடை எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். பின்கட்டு அண்ணன் பேரேட்டில் அந்த எண்ணிக்கை இருக்கிறதே!

கண்மாய்க்கரை, மதியம் 1.30

டீச்சர், மலைக்கணக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் மேலைக்காற்று வைகாசிக்கு மேல்தானே வரும்? அண்ணன் கேட்டது 2024 பங்குனி, சித்திரை. அப்போது காற்றே இல்லை என்றுதானே எழுதியிருக்கிறார்? காற்றே இல்லாதபோது காற்றுக்கு எப்படிப் பொறுப்பு வரும்?

புவியியல் ஆச்சி, மாலை 4.10

அருமையான கேள்வி. வகுப்பில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அன்றைய பாடத்தையே மாற்றியிருப்பேன்.

தரையில் காற்று அசையாமல் நிற்கிறது என்றால் மேலே ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. 2024 ஏப்ரலில் தென்னிந்தியாவுக்கு மேலே காற்றழுத்தம் கூடி, காற்று மெல்ல மெல்லக் கீழே அமுங்கிக்கொண்டே இருந்தது. அமுங்கும் காற்று சூடாகும், மேகத்தையும் மேலெழும்ப விடாது. சட்டிமேல் மூடி போட்டது போல. அதனால் சித்திரையில் வழக்கமாக வரும் கோடை இடிமழை பெரும்பாலும் வரவில்லை. ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது. மே நடுவில் மழை வந்த பிறகுதான் மூடி விலகியது.

அந்த மூடி எங்கிருந்து வந்தது? அதற்குப் பசிபிக் பெருங்கடல் வரை போக வேண்டும். சாதாரண ஆண்டில் இந்தோனேசியா பக்கம் வெந்நீர்க் கடலின் மேல் காற்று உயர்ந்து, பசிபிக்கின் கிழக்குப் பக்கம் இறங்கும். எல் நினோ ஆண்டில் அந்த வெந்நீர் கிழக்கே நகர்ந்துவிடுவதால் காற்று உயரும் இடமும் நகர்கிறது. நம் பக்கம் இறங்கும் காற்று கூடுகிறது. இந்தியப் பெருங்கடலுக்கு மேல் மேகம் குறைந்து, காற்றும் தளர்ந்து, கடல் மெதுவாகச் சூடேறுகிறது. கடல் சூடேற மாதங்கள் ஆகும். எல் நினோ மார்கழி வாக்கில் உச்சத்துக்கு வரும். நம் கடல் அடுத்த பங்குனி, சித்திரையில் உச்சத்துக்கு வரும். அதனால்தான் எல் நினோ வந்த வருடத்தைவிட அதற்கு அடுத்த வருடத்துக் கோடை நம்மைக் கூடுதலாக வாட்டுகிறது. 1997க்குப் பின் 1998, 2015க்குப் பின் 2016, 2023க்குப் பின் 2024. இந்திய வானிலைத் துறை 1901இல் இருந்து வைத்திருக்கும் கணக்கில் 2024தான் நாட்டின் மிக வெப்பமான ஆண்டு. 1991 முதல் 2020 வரையான சராசரியைவிட 0.65 டிகிரி கூடுதல்.

2021இல் இதற்கு நேர் எதிர். 2020இல் தொடங்கிய லா நினா மூன்று வருடம் நீடித்தது. காற்று நம் பக்கம் தாராளமாக உயர்ந்தது.

இந்தக் காற்றோட்டத்துக்கும் நமக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உருக்குலைத்த பஞ்சம். 1877இல் பலமான எல் நினோ இருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 1899இலும் பருவமழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. மழையை முன்கூட்டியே கணிக்க வழி உண்டா என்று தேடும் வேலை 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் கைக்கு வந்தது. அவர் கணிதக்காரர். உலகெங்கும் இருந்து வந்த அழுத்தக் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது என்று கண்டார். ஒரு தராசு போல. கிழக்கு மேற்காகச் சுழலும் அந்தக் காற்றோட்டத்துக்குப் பின்னாளில் பியர்க்னெஸ் என்ற வானிலை அறிஞர் ‘வாக்கர் சுழற்சி’ என்றே பெயர் வைத்தார். நம் மண்ணில் பட்டினியால் மாண்ட மக்களிடம் இருந்து தொடங்கிய தேடல் அது என்பதை நான் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டதில்லை.

கண்மாய்க்கரை, மாலை 5.00

டீச்சர், ஒரு குழப்பம். எல் நினோ என்றால் மழை இல்லை என்கிறார்கள். ஆனால் 2015 ஐப்பசி, கார்த்திகையில் சென்னையே மூழ்கியது. அது எல் நினோ வருடம் இல்லையா? 2016இல் எங்களுக்கு ஒரு மணி நெல் வரவில்லை. கண்மாயில் நாற்றங்காலுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. அது எல் நினோ முடிந்த பிறகு.

புவியியல் ஆச்சி, மாலை 5.45

நீங்கள் பார்த்தது சரிதான். எல் நினோ தென்மேற்குப் பருவமழையைத்தான் பெரும்பாலும் கெடுக்கும். நமக்குச் சோறு போடுவது வடகிழக்குப் பருவமழை. எல் நினோ இருக்கும்போது ஐப்பசியில் வங்கக்கடல் வழியாக வரும் கீழைக்காற்று பல முறை பலப்படுகிறது, நமக்கு மழை கூடுகிறது. 2015 அப்படி. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. ஆனால் இதைக் கட்டளைச் சட்டம் மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. 2021 லா நினா வருடம், இந்தக் கணக்குப்படி மழை குறைந்திருக்க வேண்டும், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்தது. பசிபிக் ஒன்று மட்டும் நம்மை ஆளவில்லை. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கத்துக்கும் கிழக்குப் பக்கத்துக்கும் இடையே நடக்கும் ஏற்ற இறக்கம் இருக்கிறது. 30 முதல் 60 நாளுக்கு ஒரு முறை பூமியைச் சுற்றிவரும் மேகக்கூட்டத்தின் அலை இருக்கிறது. எது எந்த வாரம் எதோடு சேர்கிறது என்பதைப் பொறுத்தே பலன்.

மழையை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. மண் நனைந்திருந்தால் வெயிலின் ஆற்றலில் பெரும்பகுதி நீரை ஆவியாக்கச் செலவாகும். மண் காய்ந்திருந்தால் அதே ஆற்றல் நேராகக் காற்றைச் சூடாக்கும். உங்கள் கண்மாய் நிறைந்திருந்த வருடத்தின் மாசி, பங்குனியும் வற்றிக் கிடந்த வருடத்தின் மாசி, பங்குனியும் ஒரே மாதிரியா இருந்தன? உங்களுக்கே தெரியும். ஆகவே முதலில் நீங்கள் சொன்ன தூர்ந்த வரத்துக்கால் இந்த இடத்தில் கணக்கில் வருகிறது. காற்று கொண்டுவந்த மழையை நாம் தேக்கி வைக்காவிட்டால், காற்று கொடுத்த குளிர்ச்சியில் பாதியை நாமே தொலைக்கிறோம்.

கண்மாய்க்கரை, மாலை 6.00

அது போதும் டீச்சர். என் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் காலையில் இருந்து காத்திருந்தேன்.

கோட்டையூர் மகன் (மான்செஸ்டர்), இரவு 9.20

வேலை முடிந்து இப்போதுதான் முழுவதும் படித்தேன். இங்கே நடந்ததைச் சொன்னால் உதவும் என்று தோன்றுகிறது.

நான் இங்கே வந்தது 2009 கடைசியில். வந்த முதல் குளிர்காலமே வாரக்கணக்கில் பனி. அதற்கடுத்த 2010 டிசம்பர் அதைவிடக் கடுமை. நூறு ஆண்டுகளில் காணாத குளிர் டிசம்பர் என்று சொன்னார்கள். பிரிட்டனுக்கு 2010 என்பது 1986க்குப் பிறகு வந்த மிகக் குளிரான ஆண்டு. ஆனால் உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் அதே 2010 அதுவரை பதிவான மிக வெப்பமான ஆண்டுகளில் ஒன்று! அப்பச்சி போனில் “உலகம் சூடாகுதுங்கிறாங்க, நீ பனியில நிக்கிறியே” என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு தெரிந்துகொண்டேன். ஐஸ்லாந்து பக்கம் தாழ்வழுத்தம், போர்ச்சுகலுக்கு மேற்கே அட்லாண்டிக்கில் உள்ள அசோர்ஸ் தீவுகள் பக்கம் உயர் அழுத்தம், இவை இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் இங்கே குளிர்காலத்தை முடிவு செய்கிறது. வித்தியாசம் கூடுதலாக இருந்தால் அட்லாண்டிக் கடலில் இருந்து மேலைக்காற்று பலமாக வீசிக் கதகதப்பைக் கொண்டுவரும். வித்தியாசம் சுருங்கினால் மேலைக்காற்று நின்றுபோய் வடக்கில் இருந்தும் ரஷ்யப் பக்கத்தில் இருந்தும் குளிர் உள்ளே இறங்கிவிடும். அந்த இரண்டு குளிர்காலத்திலும் நடந்தது அதுதான். அப்பச்சி பேச்சில் மேகாத்து என்றால் அனல். இங்கே குளிர்காலத்தில் மேலைக்காற்று வராதா என்று ஏங்குகிறோம்.

பின்கட்டு, இரவு 9.50

தம்பி, இது நான் தேடிய பதில். அப்படியானால் ஆச்சி, ஒரு ஊரின் வருடக் கணக்கில் பெரும்பங்கு காற்றுடையது என்று முடிவு கட்டிவிடலாமா?

புவியியல் ஆச்சி, மறுநாள் காலை 6.30

வருடத்துக்கு வருடம் ஏறி இறங்குவதில், ஆமாம். நீண்ட கால ஏற்றத்தில், இல்லை. இந்த இரண்டையும் கலந்துவிடக் கூடாது, அதனால்தான் காலையிலேயே எழுதுகிறேன்.

காற்றோட்டம் பெரும்பாலும் சூட்டை இடம் மாற்றுகிறது. 2010 டிசம்பரில் பிரிட்டன் உறைந்தபோது, அதே காற்று அமைப்பால் கிரீன்லாந்து பக்கம் வழக்கத்தைவிட வெப்பமாக இருந்தது. உலகம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் இந்த இடமாற்றம் பெருமளவு அடிபட்டுப் போகும். எல் நினோ வந்தால் உலகச் சராசரியே 0.1, 0.2 டிகிரி ஏறும், லா நினாவில் அதே அளவு இறங்கும், அவ்வளவுதான். அப்படிக் கூட்டிய பிறகும் மிஞ்சி நிற்கும் ஏற்றம் நாம் எரித்த நிலக்கரி, பெட்ரோலில் இருந்து வந்த கரிவாயுவால் ஆனது. ஒரே ஒரு ஒப்பீடு: 1998 மிகப் பலமான எல் நினோவின் ஆண்டு, உலகமே அன்று அதிர்ந்தது. 2021 லா நினா ஆண்டு, குளிர வேண்டிய ஆண்டு. ஆனால் 2021இன் உலகச் சராசரி 1998ஐவிடக் கூடுதல். நீங்கள் பொறுக்கக்கூடியதாக இருந்தது என்று சொன்ன 2021, உங்கள் ஐயா காலத்தில் கடும் வெயில் ஆண்டாகக் கருதப்பட்டிருக்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அலாஸ்காவில் 1976, 1977 வாக்கில் சராசரி வெப்பம் திடீரென்று ஒரு படி ஏறி அங்கேயே நின்றது. பசிபிக்கின் நீண்ட கால ஏற்ற இறக்கம் திசை மாறியது அதற்குப் பெரிய காரணம். ஆக, ஓர் ஊரின் இருபது வருடக் கணக்கை மட்டும் வைத்து இது எதனால் என்று யாரும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

இரவுக்குப் பாதிப் பங்கு என்றேனே, அதையும் சொல்லி முடிக்கிறேன். மழை பொய்த்த வருடத்து மார்கழியில் வானம் துடைத்த மாதிரி இருக்கும். பகல் சூடு முழுவதும் இரவில் மேலே போய்விடும், விடியற்காலை நடுங்கும். மழை பெய்த வருடத்து மார்கழியில் மேகம் போர்வையாக நிற்பதால் இரவு அவ்வளவு குளிராது, பகலும் சுடாது. இரண்டு வருடத்துக்கும் மார்கழிச் சராசரி கிட்டத்தட்ட ஒன்றாகவே வரலாம். ஆனால் வாழ்ந்தவர்களுக்கு அவை இரண்டு வேறு மார்கழிகள். சராசரி மறைக்கும் இந்த வித்தியாசம் உங்கள் பேரேட்டில் ஒற்றைச் சொல்லாகப் பதிந்திருக்கிறது. அதைத் தயவுசெய்து கரையான் அரிக்க விட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள்.

பின்கட்டு, காலை 8.15

இன்றே தொடங்குகிறேன், ஆச்சி. அக்கா மகனைக் கூப்பிட்டிருக்கிறேன், அவன் போனில் படம் நன்றாக விழும்.

தொண்டிக்கரை, மதியம் 1.40

அண்ணே, கச்சான் இன்று காலையில் இருந்தே தளர்ச்சி. கொடி தொங்கிக் கிடந்தது. சரியாக 1.35க்குக் காற்று கிழக்கில் இருந்து வீசத் தொடங்கியது. கடல்காற்று கரை ஏறிவிட்டது. உங்கள் ஊருக்கு இங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். எப்போது வந்து சேர்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஆச்சி வீடு நடுவில்தான், அவர்களும் சொல்லட்டும்.

புவியியல் ஆச்சி, மாலை 5.10

தேவகோட்டைக்கு 4.55க்கு வந்தது. தென்னங்கீற்று திரும்பியதைப் பார்த்தேன். உடம்பில் ஒட்டியிருந்த புழுக்கம் சட்டென்று விட்டது. மேற்கே மேகம் கறுத்து எழும்புகிறது.

கண்மாய்க்கரை, மாலை 6.20

எங்கள் பக்கம் இடி கேட்கிறது.

பின்கட்டு, மாலை 6.55

6.45. முகப்புக் கதவு அடித்துக்கொண்டது. பேரேட்டில் ‘கடக்காத்து’ என்று எழுதிவிட்டேன். முதல் முறையாகப் பக்கத்தில் நேரத்தையும் போட்டிருக்கிறேன்: தொண்டி 1.35, தேவகோட்டை 4.55, காரைக்குடி 6.45. நாளையும் போடுவோம்.